இளவேனில் நிரப்பி வைத்த கட்டம்

தொண்டாமுத்தூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே என் மருந்துக்கடை. அதை ஒட்டி, நடுவில் ஒற்றைச் சுவர் மட்டும் விட்டு, இளவேனிலின் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன், ஆன்லைன் வேலைகள் என்று பலகையில் எழுதியிருக்கும். என் பெயர் நாகூர் மீரான். ஊரில் எல்லோருக்கும் பாய், இளவேனிலுக்கு மட்டும் மீரானண்ணன். அவளைப் பற்றி நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. புகழ்ந்து எழுதத்தான் உட்கார்ந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினால் வெறும் புகழ்ச்சியாக எழுத வரவில்லை.

அவளுடைய அப்பா தோப்பு தோப்பாகத் தேங்காய் பறித்தவர். அம்மா அதே தோப்புகளில் மட்டை பொறுக்கினார். மகளை பி.காம். படிக்க வைத்தார்கள். அவள் கோயமுத்தூரில் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலைக்குச் சேர்ந்து, காலையில் கல்யாணப் பத்திரிகையும் மாலையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனதும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். அந்த மனிதருக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்கத்தான் முதன்முதலில் அவள் பாரத்தோடு மல்லுக்கட்டினாள்.

பாரம் என்றால் என்ன பாரம்? எந்தக் காலத்தில் எவர் முதல் பிரதி எடுத்தாரோ, அதைப் பார்த்து ஒரு பிரதி, அந்தப் பிரதியைப் பார்த்து இன்னொரு பிரதி என்று எடுத்து எடுத்து, கட்டங்களின் கோடெல்லாம் பாதி அழிந்து, ஓரத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் நிழலும் சேர்ந்து பதிந்திருக்கும். அதில் நிரப்பிக் கொடுத்தால் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். தெளிவாக இல்லாத தாளை விற்பவன் ஒருவன், தெளிவாக இல்லை என்று சொல்பவன் இன்னொருவன், நடுவில் நடையாய் நடப்பவள் இவள். எனக்கு அதை இப்போது நினைத்தாலும் ரத்தம் கொதிக்கும். இளவேனிலுக்குக் கொதிக்கவில்லை. அவள் அந்தப் பாரத்தை வரிக்கு வரி புதிதாக டைப் செய்து, கோடு போட்டு, சுத்தமாக ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தாள். அதை ஏற்றுக்கொண்டார்கள். அப்பாவுக்குப் பணம் வந்தது. அவர் இறக்கும்வரை வந்தது.

அதிலிருந்து அவளுக்கு இதுவே பித்தாகிவிட்டது. முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, விபத்து நிவாரணம், ஈமச்சடங்கு உதவி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் புதிதாக அமைத்தாள். அச்சடித்த தாள் போதாது, கைபேசியிலேயே தொட்டு நிரப்புகிற மாதிரி இருக்க வேண்டும் என்று அடுத்த ஆசை வந்தது. பெயர் என்ற இடத்தைத் தொட்டால் எழுத வரும், தாலுகா என்ற இடத்தைத் தொட்டால் பட்டியல் விரியும், ஆம் இல்லை என்று இரண்டு கட்டம் இருந்தால் தொட்ட கட்டத்தில் டிக் விழும். கேட்க எளிதாக இருக்கிறது. தமிழில் எழுதினால் கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில் போய் விழும். சில கைபேசிகளில் எல்லா எழுத்தும் வெறும் கட்டமாகத் தெரியும். அதைச் சரிசெய்ய அவள் எத்தனை எழுத்துரு மாற்றினாள் என்பது அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் என் கைபேசிக்கு அனுப்பி, மீரானண்ணா திறக்குதா பாருங்க என்பாள். நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருப்பேன், எண்ணிக்கை விட்டுப்போகும்.

கடைசியில் சரியாக வந்தது. எல்லாப் பாரங்களையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று லிங்க்கை அனுப்பிவிட்டாள். காசு வாங்கு என்றேன், ஒரு பாரத்துக்கு ஒரு டீ விலையாவது வாங்கு என்றேன். அப்பாவின் பாரத்துக்கு நான் அலைந்தபோது யாராவது இப்படிக் கொடுத்திருந்தால் அத்தனை நடை நடந்திருக்க மாட்டேன் என்றாள். பாரத்தின் அடியில் கடைப் பெயரும் போன் நம்பரும் மட்டும் சின்ன எழுத்தில் போட்டுக்கொண்டாள்.

லிங்க் வாட்ஸ்அப்பில் ஏறியது. காலை வணக்க ரோஜாப்பூவுக்கும், சர்க்கரையை மூன்றே நாளில் விரட்டும் கஷாயத்துக்கும் நடுவில் அதுவும் ஊர் ஊராகப் போனது. கஷாயத்தைக் குடித்துவிட்டு மயங்கி விழுந்தவர்கள் என் கடைக்கு வந்தார்கள், பாரத்தை நிரப்பத் தெரியாதவர்கள் அவளுக்குப் போன் செய்தார்கள். தாராபுரத்திலிருந்து கூப்பிடுவார்கள், காரமடையிலிருந்து கூப்பிடுவார்கள். முகம் தெரியாத மனிதர்கள் அவளைக் கண்ணு என்றும் அம்மணி என்றும் அழைத்துச் சந்தேகம் கேட்பார்கள்.

நம் ஜனம் பாரம் நிரப்புகிற அழகைச் சொல்ல வேண்டும். சிலர் நிரப்பியதைச் சரிபார்க்க அவளுக்கே அனுப்புவார்கள். பெயர் என்ற இடத்தில் 'மாசாணமுங்க' என்று இருக்கும். ஆண்டு வருமானம் என்ற இடத்தில் 'ஆண்டவன் புண்ணியத்துல பரவால்லீங்க' என்று இருக்கும். அரசாங்கம் கேட்டாலும் மரியாதை குறையாமல் பதில் சொல்கிறவர்கள். நாங்கள் இருவரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சிரிப்போம். அந்த மரியாதையேதான் ஒரு கேள்வியில் அவர்களைக் கவிழ்த்தது.

விதவை உதவித்தொகைப் பாரத்தில், மனுதாரரை ஆதரிப்பவர் எவரேனும் உள்ளனரா என்று ஒரு கேள்வி. ஆதரவில்லாதவர்களுக்கான உதவி அது, கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் இல்லை என்று எழுதுவாள்? மூன்று வேளையில் ஒரு வேளை சோறு போடுகிற மகன் இருந்தாலும், வருஷத்துக்கு ஒரு சேலை எடுத்துத் தருகிற கொழுந்தன் இருந்தாலும், இல்லை என்று எழுதினால் அவன் தலைகுனிவான் என்று நினைப்பாள். ஆம் என்று டிக் போடுவாள். அதோடு நிற்காமல் ஓரத்தில், எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க என்று எழுதியும் வைப்பாள். மனு அப்படியே திரும்பி வரும். நேரில் வருகிறவர்களுக்கு இளவேனில் பொறுமையாக எடுத்துச் சொல்லுவாள். மாசாமாசம் கையில் பணம் கொடுத்துக் காப்பாற்றுகிறவர் உண்டா என்பதுதான் கேள்வி, உறவு உண்டா என்பதல்ல என்பாள். லிங்க்கில் எடுத்து நிரப்புகிறவர்களுக்கு யார் சொல்வது?

திரும்பி வந்த மனுக்களின் கதையைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போனது. ஒரு நாள் அந்தப் பாரத்தைத் திறந்து, அந்தக் கேள்விக்கு நேரே இல்லை என்ற கட்டத்தில் தானே ஒரு டிக் வைத்துச் சேமித்துவிட்டாள். வேண்டாதவர்கள் எடுத்துவிட்டு ஆம் என்று மாற்றிக்கொள்ளலாம், அந்த வசதியும் இருந்தது. ஆனால் ஏற்கெனவே நிரம்பியிருக்கிற கட்டத்தை யார் படிக்கிறார்கள்? காலியாக இருப்பதைத்தான் கண் தேடும். டிக் அப்படியே இருந்தது. மனுக்கள் திரும்பி வருவது குறைந்தது. பணம் வந்தவர்கள் போன் செய்து அவளை வாயார வாழ்த்தினார்கள். அவளும் மனதார மகிழ்ந்தாள். அதில் சந்தேகமே இல்லை.

ஐயாசாமி வந்தது சித்திரை வெயிலில். கடைக்கு முன்னால் ஒரு குட்டி யானை வண்டி வந்து நின்றது. எங்கள் ஊரில் நிஜ யானையே தோப்புக்குள் வந்து போகும், இது நாலு சக்கரத்தில் வருவது. ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர் இறங்கினார். காரமடைக்குப் பக்கத்துக் கிராமம், கறிவேப்பிலை லோடு மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறவர். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, பாரம் செய்யற அம்மணி ஆருங்க என்று கேட்டார். நன்றி சொல்ல வந்தவர் என்று நினைத்து நான்தான் கையைக் காட்டினேன்.

அவர் தன் கைபேசியில் ஒரு பாரத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். தங்கை பொன்னாத்தாளுக்காக அவரே நிரப்பியது. தங்கைக்குப் பிள்ளை இல்லை. புருஷன் இறந்தபோது அவளுக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. பஞ்சு மில்லில் வேலை பார்த்து மூச்சிரைப்பும் வந்துவிட்டது. அதனால் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். உதவித்தொகை வந்தால் அவள் மருந்துக்கு ஆகுமே என்று மனுப் போட்டார். விசாரணைக்கு அதிகாரி வந்து, அக்கம்பக்கத்தார் முன்னால் பாரத்தில் இருப்பதை ஒவ்வொன்றாகப் படித்துக் கேட்டார். ஆதரிப்பவர் எவரும் இல்லை என்று படித்ததும் பொன்னாத்தாளின் முகம் மாறிவிட்டதாம். அண்ணன் எழுதிக் கொடுத்த பாரம். தனக்கு ஒருவரும் இல்லை என்று அண்ணனே எழுதியிருக்கிறார். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மறுநாள் சமையலை முடித்து, வாசல் கூட்டி, அண்ணிக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, காரமடையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை இருக்கிறதாம், வாரேன் என்று சொல்லிப் போனவள் திரும்பி வரவில்லை.

சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் சமாதானம் பேசியிருப்பேன் என்றார் ஐயாசாமி. உதவித்தொகைக்கு உத்தரவு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனாராம். சின்ன வயதிலிருந்து அண்ணா நீ, நீ என்று பேசியவள், அன்றைக்கு வாங்க, உக்காருங்க, டீ குடிக்கறீங்களா என்றாளாம். "ஊட்டுக்கு வந்த சம்பந்திகிட்டப் பேசறாப்பல பேசறாளுங்க அம்மணி" என்றார். பிறகு பாரத்தில் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"இதை நான் எழுதலீங்க. எழுதாதது எப்படிங்க வந்துச்சு?"

இளவேனில் கணினியைத் திறந்து பார்த்திருக்கலாம், போனில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவள் எதையும் திறக்கவில்லை. "நான்தானுங்க அண்ணா வெச்சேன். எல்லாருக்கும் சேத்து முன்னாடியே வெச்சுபோட்டேன்" என்றாள். ஏன் வைத்தாள் என்பதையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். நல்லதுக்குத்தானுங்க செஞ்சிருக்கறீங்க என்று வேறு சொன்னார். பிறகு, என்னோடு வந்து இதை என் தங்கையிடம் உங்கள் வாயால் சொல்ல வேண்டும், நான் சொன்னால் நம்பமாட்டாள் என்று கேட்டார். அவள் உடனே எழுந்து ஷட்டரை இறக்கினாள். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் என் கடையைச் சாத்தினேன்.

மூன்று பேரும் வண்டியின் முன்பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து போனோம். உள்ளே கறிவேப்பிலை வாசம் மூக்கை அடைத்தது. வண்டி துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறியது. பிறகு ஐயாசாமி தானாகக் கோடி போட்ட கதையைச் சொன்னார். புருஷன் இறந்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வர வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து, ஊரார் முன்னால் அவள் தோளில் போட வேண்டும். வெறும் சேலை இல்லை அது. இனி இவளுக்கு நாங்கள் இருக்கிறோம் என்று வாயால் சொல்லாமல் சொல்வது. அன்றைக்கு அவர் கடன் வாங்காமல், வண்டி டயருக்கு வைத்திருந்த பணத்தில் நல்ல சேலையாக எடுத்துக்கொண்டு போய்ப் போட்டாராம். பொன்னாத்தாள் அதுவரை அழாமல் இருந்தவள், அந்தச் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாளாம். ஊர் முன்னால் போட்டதை ஊர் முன்னாலேயே எடுத்ததுபோல ஆகிவிட்டது என்றார். இளவேனில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன.

மண்டபத்தில் அன்று முகூர்த்தம் இல்லை. முந்தின நாள் கல்யாணத்தின் அண்டாக்களும் குண்டாக்களும் பின்கட்டில் குவிந்து கிடந்தன. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு ஐயாசாமி இறங்காமல் உட்கார்ந்துகொண்டார். நீங்கள் முதலில் சொல்லிவிட்டு வாருங்கள், பிறகு நான் வருகிறேன் என்றார். நானும் இளவேனிலும் உள்ளே போனோம்.

பொன்னாத்தாள் ஒரு அண்டாவைச் சாய்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு. நாலு தேய்ப்புக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். என்ன மருந்து எடுக்கிறார், எதை எடுக்காமல் விட்டிருக்கிறார் என்று அந்த மூச்சைக் கேட்டே எனக்கு ஓரளவு தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஏனுங்க, மண்டபம் பாக்கவா என்று கேட்டார். இளவேனில் தான் யார் என்று சொன்னாள். கைபேசியில் வெற்றுப் பாரத்தைத் திறந்து காட்டினாள். பெயர் இல்லை, ஊர் இல்லை, எதுவுமே நிரப்பாத பாரம். அதிலும் அந்த டிக் இருந்தது. இதை உங்கள் அண்ணன் எழுதவில்லை, நான் முன்பே வைத்திருந்தேன், அவர் பார்க்காமலே விட்டுவிட்டார், தப்பு என்னுடையது என்று தடுமாறாமல் சொன்னாள். என்னை மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னாள்.

பொன்னாத்தாள் அந்தக் கைபேசியை வாங்கி, படிக்கத் தெரிந்தவர் போல வெகுநேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார். முகத்தில் கோபம் இல்லை, நிம்மதியும் இல்லை.

"அண்ணன் எழுதியிருக்க மாட்டாருன்னு அன்னிக்கு ராத்திரியே எனக்குத் தோணிப்போச்சு கண்ணு. அவருக்கு அப்படி எழுத வராது. ஆனா அந்த சார் படிச்சுப்போட்டு, இவங்களுக்கு ஒருத்தரும் இல்லியான்னு சத்தமாக் கேட்டாருல்ல? அண்ணன் எம் பக்கத்துலதான் நின்னாரு. நான் அவரு மொகத்தைப் பாத்தேன். அவரு தரையப் பாத்தாரு. அப்பறம் நான்தான் ஆமாங்கன்னு சொன்னேன். டிக் நீ வெச்சது. பேசாம நின்னது அவரு."

ஐயாசாமி எங்களிடம் இதைச் சொல்லவே இல்லை. தான் அங்கே நின்றதையே அவர் சொல்லவில்லை. இளவேனில் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன்? என் கையில் இதற்கு மாத்திரை இல்லை. அண்ணன் வெளியே வண்டியில் இருக்கிறார், வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். வேண்டுமானால் அந்த மனுவை மாற்றிக் கொடுத்துவிடலாம், நானே எழுதிக் கொடுத்து உங்களோடு ஆபீசுக்கு வருகிறேன் என்றும் சொன்னாள்.

"மாத்துனா பணம் நின்னு போகுமல்ல கண்ணு? வேண்டாம். அன்னிக்கு அதுல இருந்தது பொய்யி. இன்னிக்கு நான் தனியாத்தான் இருக்கறேன், நெசமாயிருச்சு. இருக்கட்டும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் அண்டாவுக்குப் போனார். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று திரும்பி வந்து, ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்.

வெளியே ஐயாசாமி எங்கள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. இளவேனில்தான் கேட்டாள், அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் நின்றீர்களா என்று. அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தலையை ஆட்டினார்.

"நான் இருக்கறேன்னு வாய் வரைக்கும் வந்துருச்சுங்க அம்மணி. சொன்னா அவளுக்குப் பணம் வராதேன்னு நெனச்சுப் பேசாம நின்னுபோட்டேன். அவ மருந்துக்குத்தானுங்க."

அதை உள்ளே போய் அப்படியே சொல்லுங்கள் என்றேன் நான். எனக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் முப்பது அடிகூட இல்லை, இரண்டு பேரும் மரியாதையாகவே பேசிப் பேசி நாசமாகிறார்கள். அவர் என்னைப் பார்த்து, உனக்காகத்தான் உனக்கு யாருமில்லைன்னு நின்னேன்னு ஒரு தங்கச்சிகிட்ட எப்படிங்க பாய் சொல்றது என்றார். அன்று அவர் உள்ளே போகவில்லை. எங்களைத் தொண்டாமுத்தூரில் இறக்கிவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு கட்டுக் கறிவேப்பிலையைக் கடைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார்.

இளவேனில் அன்றே உட்கார்ந்து அந்த டிக்கை எடுத்தாள். ஆம், இல்லை, இரண்டு கட்டமும் காலி. பழைய பாரத்தை யாரும் பயன்படுத்த வேண்டாம், புதியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாக் குழுக்களிலும் எழுதினாள். அனுப்பியது அனுப்பியதுதான். தெரியாத யாரோ ஒருவர், மிகவும் பயனுள்ள தகவல், அனைவருக்கும் பகிரவும் என்ற குறிப்போடு பழைய பாரத்தை அவளுக்கே அனுப்புகிறார். இன்றைக்கும் அது வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அனுப்பியவரைக் கூப்பிட்டு, அந்தக் கட்டத்தைப் பாருங்கள், வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசி நீங்களே டிக் போடுங்கள் என்று சொல்கிறாள். அவர்கள் மறுபடி ஆம் என்று போட்டு மனு திரும்பி வந்தால், மறுபடி போன் செய்கிறார்கள். அவள் மறுபடி விளக்குகிறாள். வேலை இரட்டிப்பாகிவிட்டது. முன்போல அவள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்து நான் கேட்பதில்லை.

பொன்னாத்தாளுக்கு மருந்தை நான் மாதாமாதம் ஐயாசாமியிடம் கொடுத்து அனுப்பலாம் என்று பார்த்தேன். அவர் எது வாங்கிக் கொடுத்தாலும் பொன்னாத்தாள் அதற்கான காசைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாராம். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் பொன்னாத்தாளே ஒரு புது நம்பரிலிருந்து இளவேனிலைக் கூப்பிட்டார். மண்டபத்து மேனேஜரின் பழைய கைபேசி ஒன்று தனக்குக் கிடைத்திருக்கிறது, இனி அவசரத்துக்கு ஆட்களைக் கூப்பிடலாம் என்று சந்தோஷமாகச் சொன்னார். பேங்க் கணக்கில் அண்ணன் நம்பர்தான் இருக்கிறது என்பது இளவேனிலுக்குத் தெரியும். கணக்குத் திறந்தபோது பொன்னாத்தாளிடம் போன் இல்லை. நம்பர் மாற்றுகிற பாரமும் இளவேனிலிடம் இருந்தது. அதை நிரப்பி அனுப்புகிறேன், கைநாட்டு மட்டும் வைத்துக் கொடுத்துவிடுங்கள், இனிப் பணம் வந்த செய்தி உங்களுக்கே வரும் என்றாள். சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். ஒருமுறை கேட்காமல் நிரப்பியது போதும் என்று நினைத்தாளோ என்னவோ, மாத்தட்டுங்களா அக்கா என்று கேட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் சுவரோரம்தான் நின்றேன்.

அந்தப் பக்கம் அண்டா ஒன்றை நகர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது.

"வேண்டாம் கண்ணு. பணம் ஏறுனதும் மெசேஜ் அவருக்குப் போகும். அன்னிக்கே வண்டிய எடுத்துக்கிட்டு வந்து, பொன்னு, பணம் வந்துருச்சுன்னு சொல்லுவாரு. நம்பரை மாத்திப்போட்டா அப்பறம் எதைச் சொல்லிக்கிட்டு வருவாரு?"

இளவேனில் சரிங்கக்கா என்றாள். மவுஸை நகர்த்தி, திறந்து வைத்திருந்த பாரத்தை எதுவும் நிரப்பாமல் மூடினாள்.